அப்பத்தாவின் சிங்கர், அத்தையின் உஷா: ஓட்டுவதா, பெயிண்ட் அடிப்பதா, விற்பதா?

மேலூர்ப் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்ட முடிவானபோது, நெல் குதிர் இருந்த அறையிலிருந்து இரண்டு தையல் மிஷின்கள் வெளியே வந்தன. ஒன்று அப்பத்தாவின் சிங்கர். இன்னொன்று, அத்தை கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்த உஷா. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா எக்ஸ்சேஞ்சில் போடச் சொன்னார், தம்பிக்கு ஸ்டாண்ட் மட்டும் போதும், மேலே கண்ணாடி போட்டு டேபிளாக்கலாம் என்றான், அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் மோட்டார் வேண்டும், எனக்கோ இரண்டும் பழையபடி ஓட வேண்டும். ஒன்றரை வருடத்தில் இதில் பாதியைச் செய்து பார்த்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மிஷின் இருந்தால், கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் மிஷின் எந்த வகை என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டை நகர்த்தினால் பாபின், அதாவது அடி நூல் சுற்றியிருக்கும் உருளை, தெரியும். அப்பத்தாவின் சிங்கரில் அது வட்டமாக இல்லை, பென்சில் துண்டு மாதிரி நீளமாக, தோட்டா வடிவ ஷட்டில் என்ற கூட்டுக்குள் படுத்திருக்கிறது, தைக்கும்போது அந்த ஷட்டில் முன்னும் பின்னும் ஆடும். இது சிங்கர் 27 என்ற மாடல். ரிவர்ஸ் கிடையாது, தையல் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அவ்வளவுதான். உஷாவில் இருப்பது நமக்குப் பழகிய வட்ட பாபின், சிங்கர் 15 மாடலின் வழியில் வந்த அமைப்பு. இதற்கு பாபின், பாபின் கேஸ் எல்லாம் தையல் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நீள பாபினுக்குத்தான் அலைய வேண்டும். ஊசி பற்றிக் கவலை வேண்டாம், வீட்டு மிஷின்களுக்கு விற்கும் சாதாரண ஊசியே இரண்டுக்கும் சரியாக உட்காரும்.

சிங்கரின் வயதைத் தெரிந்துகொள்ளத் தலைப்பகுதியின் அடித்தட்டில் பொறித்திருக்கும் நம்பரைப் பாருங்கள். 1900க்கு முந்தியவற்றில் வெறும் எண் மட்டும் இருக்கும், அதன்பிறகு வந்தவற்றில் முன்னால் ஆங்கில எழுத்து சேர்ந்திருக்கும். எங்களுடையதில் எழுத்து இருக்கிறது, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள்.

சரி, முதல் போட்டி: துடைத்து உள்ளபடியே வைப்பதா, புதுசாகப் பெயிண்ட் அடிப்பதா? இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. உள்ளபடியே வையுங்கள். உஷாவை ஒரு பட்டறையில் சர்வீஸ் பண்ணக் கொடுத்தோம். "பளபளன்னு ஆக்கித் தாரேன் தம்பி" என்றார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று நான் தெளிவாகக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போனால் எமரி தாளால் மொத்தத்தையும் தேய்த்து, கறுப்பு ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தார்கள். தங்க எழுத்து, ஓரத்துக் கோடு, அத்தையின் கை பட்டுப் பட்டு மங்கிப்போன இடம், எதுவும் இல்லை. அதோடு பெயிண்ட் எண்ணெய்த் துளைகளுக்குள்ளும் இறங்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் கம்பி மேலே தூக்கினால் கீழே வராமல் நின்றுகொண்டது. குண்டூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அத்தை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதனால் சிங்கரை யாரிடமும் கொடுக்கவில்லை, நானே உட்கார்ந்தேன். அதன் அடித்தட்டில் தங்க நிறத்தில் எகிப்தின் ஸ்பிங்க்ஸ் உருவம் உண்டு, மனிதத் தலை, சிங்க உடல். அப்பத்தாவுக்கு எகிப்தெல்லாம் தெரியாது, அவரைப் பொறுத்தவரை அது யாளி. மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது புது மண்டபத்துத் தூணைக் காட்டி, "நம்ம மிஷின்ல இருக்குல்ல, அதேதான்" என்பார். அந்த மண்டபத்தில் திருமலை நாயக்கர் காலத்து யாளிகளுக்குக் கீழே வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்து, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்பு தைப்பார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆனால் மிஷின் சத்தம் என்றதும் எனக்கு இன்றும் அந்தக் கல் மண்டபம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த யாளியைக் காப்பாற்றுவதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. தங்கப்படத்தின் மேல் இருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சு. தின்னர், ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர், வீடு துடைக்கும் திரவம் பட்டால் பூச்சு தேய்ந்த இடங்களில் தங்கம் வெள்ளியாக வெளுத்துவிடும், திரும்ப வராது. பஞ்சில் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு, அழுத்தாமல், வட்டமாகத் துடைக்க வேண்டும். பஞ்சு காப்பிக்கலரில் வரும், அது பழைய எண்ணெய்ப் பிசின். பஞ்சில் தங்கத் துகள் தெரிந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். நான் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாயங்காலம் என்று பத்து நாள் எடுத்துக்கொண்டேன். பளபளப்பு வராது, ஆனால் உண்மையான கறுப்பு வரும்.

உள்ளே இறுகிக் கிடந்தது வேறு கதை. வீலைத் திருப்பினால் அசையவே இல்லை. அப்பத்தா அவசரத்துக்கு நல்லெண்ணெய் விட்டிருப்பார் போல, சமையல் எண்ணெய் எதுவானாலும் வருடக்கணக்கில் காய்ந்து பசையாகிவிடும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், தங்கப்படத்தில் வழியாமல். அப்புறம் வீலைப் பிடித்து மெதுவாக ஒரு அசைப்பு. பலத்தைக் காட்டக் கூடாது, வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மறுநாள் இன்னும் இரண்டு சொட்டு. ஆறாம் நாள் கால் சுற்று வந்தது, எட்டாம் நாள் முழுச் சுற்று. மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கத்தான், உராய்வுக்கு உதவாது, அதனால் அதைத் துடைத்துவிட்டு நல்ல மிஷின் எண்ணெய் கட்டாயம் விட வேண்டும்.

அடுத்தது மிதியா, மோட்டாரா? இங்கே நான் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டேன், உஷாவுக்கு மட்டும். அதில் மோட்டாரை மாட்ட உடம்பிலேயே இடம் விட்டிருக்கிறார்கள், ஒரு போல்ட், ஒரு சின்ன பெல்ட், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்றிவிட்டு மிதிக்குத் திரும்பலாம். முட்டி வலிக்கிறவரை மிதிக்கச் சொல்வது நியாயமும் இல்லை. பெல்ட்டை மட்டும் ரொம்ப இழுத்துக் கட்டாதீர்கள், தண்டு தேயும். எங்கள் சிங்கரில் அந்த இடமே கிடையாது. உடம்பில் துளை போட்டால் மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றேன். போட்ட துளையை எப்படி மூடுவது?

மிதியில் எனக்குக் கிடைக்கிற நிதானம் மோட்டாரில் இல்லை. புடவைக்கு ஃபால் வைக்கும்போது ஒரு தையல், நிறுத்தி, இன்னொரு தையல் என்று காலாலேயே அளக்கலாம், மின்சாரம் போனாலும் கவலையில்லை. வீல் எப்போதும் நம்மை நோக்கியே சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் போனால் நூல் சிக்கிவிடும். காந்தி அரை வேட்டிக்கு மாறியது 1921இல் இதே மதுரையில். இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்தவர், 1924இல் பேச்சு வந்தபோது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மிதித்துக்கொண்டு உட்காரும்போது அவர் ஏன் விலக்குக் கொடுத்தார் என்று எனக்குப் புரிகிறது.

தம்பியின் டேபிள் யோசனை பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தலையைக் கழற்றிவிட்டால் அது எங்கே போகும்? சாக்கில் கட்டிப் பரணில் போடுவோம், அடுத்த வீடு மாறும்போது இரும்புக்கடைக்குப் போகும். தலை ஏற்கெனவே உடைந்து கிடந்தால் மட்டும் ஸ்டாண்டை டேபிளாக்குங்கள்.

விற்பது பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குச் சொன்ன விலை 700 ரூபாய், ஸ்டாண்டோடு. அதற்கு நேர் எதிராக, பழைய சிங்கருக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று ஒரு உறவினர் வந்து செல்போனை ஊசிப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், சிக்னல் போனால் இருக்கிறதாம். 2009இல் சவுதியில் கிளம்பிய புரளி அது, அங்கே ஜனங்கள் ஏமாந்து பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். தையல் மிஷினுக்குள் இரும்பும் எண்ணெயும் தவிர ஒன்றும் இல்லை. இதை நம்பி யாரும் மிஷினைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது சிங்கர் என் அறை ஜன்னலுக்குத் தள்ளி, வெயிலும் சாரலும் படாத சுவரோரம் நிற்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும் என்பதால் பழைய காட்டன் வேட்டியைப் போர்த்தியிருக்கிறேன். வாரம் ஒரு முறை தலையணை உறையாவது தைக்கிறேன், சும்மா நின்றால் எண்ணெய் மறுபடி இறுகும். டிராயரில் நீள பாபின் நான்கு இருக்கிறது, ஒன்றில் அப்பத்தா சுற்றிய மெரூன் நூல் பாதி. மற்ற மூன்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.