ஆயிலோடு விழுந்த கம்பித்துண்டு: மோல்மீனில் இஞ்சின் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் படிக்கவும்

பர்மாவில் மோல்மீன், முடோன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இஞ்சின் வேலைக்கு வண்டியை விடப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என்னுடையது ஹோண்டா வேவ் 125. ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருக்கிறது. எங்கள் ஊரிலோ பைக் இல்லாமல் பிழைப்பே இல்லை. மசாலாப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் சல்வீன் பாலத்தைத் தாண்டி தட்டோன் வரை போய் வருகிறேன். வண்டி ஒரு நாள் நின்றால் வீட்டில் அந்த நாள் வருமானம் கிடையாது.

மாசியில் புகை தள்ள ஆரம்பித்தது. நீலப் புகை. ஆயிலும் வாரா வாரம் குறைந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. பஜாருக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. நடத்துபவர் தமிழர், கோயிலில் பார்த்துப் பேசிப் பழகியவர். அதனால் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. “பிளாக்கை 0.50 போர் போட்டு புது பிஸ்டன் செட் மாட்டணும் தம்பி, தாய்லாந்துச் சாமான், ஒரிஜினல்” என்றார். அதாவது பிஸ்டன் ஓடும் பிளாக்கின் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. மூன்று நாளில் வண்டி வந்தது. பிஸ்டன் செட், போரிங், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,40,000 கியாட். பழைய பிஸ்டனைக் கேட்டேன். “குப்பையில போட்டாச்சு, அதை வச்சு என்ன செய்யப்போறே?” என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ஆயிலைத் தொடாதே.

அந்தப் பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போர் போட்ட இஞ்சினில் புது ரிங்கும் பிளாக்கும் தேய்ந்து பழகும்போது இரும்புப் பொடி ஆயிலில் கலக்கும். அதனால் முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கச் சொல்வதுதான் வழக்கம். 600 ஓடியிருந்தபோது பாலத்தின் ஏற்றத்தில் லேசாக ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் 17 நம்பர் ஸ்பேனரால் ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன்.

ஆயில் கருப்பாக வந்தது. கடைசிச் சொட்டுகளோடு தகர டப்பாவில் ‘டிங்’ என்று ஏதோ விழுந்தது.

மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். வளைந்த ஒரு கம்பித்துண்டு. சுண்டுவிரல் நகத்தை விடக் குறைவான நீளம், சைக்கிள் ஸ்போக்கை விட மெல்லிசு. ஒரு முனை மழுங்கி இருந்தது, மறு முனை உடைந்து பளபளத்தது. என்ன சாமான் என்று தெரியவில்லை. காந்தத்தில் ஒட்டியது, அதனால் அலுமினியம் இல்லை. குறடால் வளைத்துப் பார்த்தேன், வளைந்து பழையபடி நிமிர்ந்தது. ஸ்பிரிங் எஃகு. கியர் பெட்டியில் உள்ள லாக் வளையங்கள் தட்டையாக இருக்கும், இதுவோ உருண்டைக் கம்பி. வால்வைப் பிடிக்கும் காட்டர் என்றால் பாதிக் கூம்பு மாதிரி இருக்கும், அதுவும் இல்லை. கடைசியில் ஒரு தாளில் அதை வைத்து வளைவைப் பென்சிலால் வரைந்து, அந்த வளைவை முழு வட்டமாக நீட்டினேன். அதன் மேல் 13 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டை நிறுத்தினால் வட்டத்துக்குள் சரியாக அடங்கியது.

அந்த இஞ்சினில் பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னின் குறுக்களவு 13 மில்லிமீட்டர். என் கையில் இருந்தது, அந்தப் பின்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகராமல் பிடித்து வைக்கும் லாக்கின் உடைந்த துண்டு. அது அங்கே இல்லை என்றால் பின்னை எது நிறுத்திக்கொண்டிருக்கிறது? அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ட்ரைசைக்கிளில் ஏற்றி முடோனில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். துண்டைப் பார்த்ததுமே, “லாக்கு தம்பி இது. பழசையே திரும்பப் போட்டிருக்கான்” என்றார். பிரிக்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் மாமா என்றேன். பிஸ்டன் செட் வாங்கினால் புது லாக்கும் கூடவே வரும் என்றார். ஒருமுறை கழற்றிய லாக்குக்கு அழுத்தம் போய்விடும். அதைத் திரும்ப மாட்டினால் ஓட்டத்தில் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடக்கூடும்.

பிளாக்கை இழுத்தார். இஞ்சின் வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் பிஸ்டனில் கை வைத்தார். பிஸ்டன் பின் ஒரு பக்கமாக நகர்ந்து பிளாக்கின் சுவரில் நீளவாக்கில் கோடு கிழித்திருந்தது. நகத்தை வைத்தால் மாட்டிக்கொள்ளும் ஆழம். பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டினார். 0.50 பிஸ்டன் என்றால் தலையில் 50 என்று அடித்திருக்கும். எந்த எண்ணும் இல்லை. வெர்னியர் அளவுகோலை பிளாக்கில் வைத்துக் கோடு இல்லாத இடமாகப் பார்த்து அளந்தார். 0.50 போர் போட்டிருந்தால் 52.9 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டியது 52.4, கம்பெனி அளவு. போரிங் மெஷினுக்கே பிளாக் போகவில்லை. உள்ளே எமரித்தாள் போட்டு ஒரு தேய் தேய்த்து, மலிவான ரிங்கை மட்டும் மாட்டி, பழைய பிஸ்டனையும் பழைய லாக்கையும் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அதைப் பார்த்தபோது வந்த கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. முந்தைய ஞாயிறு என் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே போயிருக்கிறேன். அங்கே இஞ்சின் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தால்?

பிளாக் செட் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. மாமா சாமான் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், பெட்டியை என் கையாலேயே பிரிக்க வைத்தார். புது லாக்கை மாட்டும்போதும் கூப்பிட்டுக் காட்டினார்: லாக்கின் திறந்த வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்கக்கூடாது, தள்ளி நிற்க வேண்டும். பழைய சாமான் முழுவதையும் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பையோடு பஜார் கடைக்குப் போனேன். முதலில் “அது ஆயில் டப்பாவிலேயே இருந்திருக்கும்” என்றார். பிஸ்டனை மேசையில் வைத்து, “50 எங்கே அண்ணே?” என்று கேட்டேன். பையன் செய்த வேலை, தனக்குத் தெரியாது என்றார். 60,000 கியாட்டை எடுத்து நீட்டி, கோயிலில் யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். நான் வாங்கவில்லை. முழுத் தொகையையும் கேட்டிருக்கிறேன். இன்றுவரை வரவில்லை.

அந்த பிளாக்கும், எண் இல்லாத பிஸ்டனும், மருந்துப் புட்டியில் போட்ட கம்பித்துண்டும் என் வீட்டில் இருக்கின்றன. அந்தக் கடையில் வேலை பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு இருப்பவர்கள் வந்தால் காட்டுகிறேன். உங்கள் பிஸ்டனையும் எடுத்து வாருங்கள், சேர்த்து வைத்துப் பார்ப்போம்.