வேலூர் கோட்டை அருங்காட்சியகம்: துணி யானை கொடுத்த மதிப்பெண்

வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குக் குழந்தையோடு போகிறவர்கள் கூடவே ஒரு துணி பொம்மையையும் கொண்டுபோங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. வழக்கமாக இம்மாதிரி இடங்களில் முதல் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டுவதற்குள் தண்ணீர் கேட்பாள். இந்த முறை கேட்கவில்லை. காரணம், தும்பி.

தும்பி ஒரு சாம்பல் நிற வெல்வெட் யானை. இடது காது தையல் விட்டுத் தொங்கும். "பேத்தி காலம் வரைக்கும் வரும் அம்மா" என்று சொல்லி என் தலையில் கட்டிய கடைக்காரருக்கு இதைத் தனியாக எழுத வேண்டும். காது போனாலும் கேள்வி குறையவில்லை. எதைப் பார்த்தாலும் தும்பிக்கு விளக்கியே ஆக வேண்டும் என்பது குழந்தையின் சட்டம். நான் சொல்வதை அவள் தும்பியின் நல்ல காதில் திருப்பிச் சொல்வாள். அதற்காகவாவது ஒழுங்காகக் கேட்டாள்.

இங்கே சட்டம் போட்ட ஓவியங்களைத் தேடி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இது கல்லும் உலோகமும் காசும் பேசுகிற இடம். பிற்காலப் பல்லவர் முதல் விஜயநகரம் வரையிலான கற்சிலைகள் இருக்கின்றன. எனக்கு நாள் முழுக்க அவை போதும், தும்பிக்குப் போதவில்லை. நடுகல்லில் மட்டும் நின்றது. மாடு கவர்ந்துபோக வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரர்களுக்கு நம் வடாற்காட்டுப் பக்கம் ஊர் ஊராகக் கல் நட்டிருக்கிறார்கள் என்றேன். "மாடு திரும்பி வந்ததா, அத்தை?" என்றாள். வீரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேலூர் வட்டாரத்தில் கிடைத்த வெண்கல வாள் ஒன்று உண்டு. கி.மு. 400ஐச் சேர்ந்தது என்கிறார்கள். கைப்பிடியின் நுனியில் பூச்சியின் மீசைபோல இரண்டு கொம்புகள் பிரிகின்றன. தும்பிக்குப் பூச்சி பயம் என்பதால் நாங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

உண்மையான சிக்கல் கண்டி மன்னரிடம் வந்தது. இலங்கையின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து குடும்பத்தோடு சிறை வைத்தார்கள். 1832இல் இறந்தார். அவர் பயன்படுத்திய சதுரங்கப் பலகை இங்கே இருக்கிறது. தந்தத்தால் ஆனது என்று வாய் தவறிப் படித்துவிட்டேன். "தந்தம் என்றால்?" யானையின் கொம்பு என்றேன். சட்டென்று தும்பியின் பாசிமணிக் கண்கள் இரண்டையும் உள்ளங்கையால் மூடினாள். அப்படியே மூடியபடி அடுத்த அறை வரை நடந்தாள். எதிரே வந்த காவலர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், "அது ரொம்பப் பழைய காலம், இப்போது யாரும் எடுப்பதில்லை என்று சொல்லுங்கள்" என்றார். அந்த மனிதருக்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டுகிறேன். காட்டிலே என்ன நடக்கிறது என்று நானும் திருத்தவில்லை.

வெளியே மரத்தடியில் தயிர்ச்சாதம். 1806 ஜூலை 10 இங்கே சிப்பாய்கள் எழுந்த கதையைச் சொன்னேன். தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை அணியச் சொன்னதும், நெற்றிக் குறி கூடாது என்றதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றதும், என் கைக்குட்டையைத் தும்பி தலையில் கட்டினாள். இரண்டு நிமிடம் முறைத்துப் பார்த்தாள். பிறகு "தும்பிக்குப் பிடிக்கவில்லை" என்று பிடுங்கி எறிந்தாள். பாடப் புத்தகம் இத்தனை சுருக்கமாகச் சொல்லாது.

கோட்டைக்குள்ளேயே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தையும் விடாதீர்கள். டிக்கெட் இல்லாத சிற்பக்கூடம் அது. முன்னங்கால் தூக்கிய குதிரைகளும் யாளிகளும் தூணுக்குத் தூண் நிற்கின்றன. யாளி தன் பெரியப்பா என்று தும்பி சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. மறுக்க முடியாத முகச்சாயல்தான்.

கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு மட்டும் சிறிய டிக்கெட். வெள்ளிக்கிழமை விடுமுறை. வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தைகளுக்கு இது ஒத்துவராது. பொம்மை அக்குளில் அடங்கும் அளவாக இருக்கட்டும், அழுத்தினால் பாடுகிற ரகம் வேண்டாம். நான் நான்கரை நட்சத்திரம் கொடுக்கிறேன். தந்தம் காரணமாகத் தும்பி மூன்றுக்கு மேல் தர மறுக்கிறது.