லேபிள் இல்லாத வெள்ளை டப்பா: மங்குக்குக் கிரீம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

திருச்சியில் 'ஸ்கின் கிளினிக்' என்று பலகை மாட்டியிருக்கிற ஓர் இடத்தில் நடந்ததை எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. இதே மாதிரி கடை உங்கள் ஊரிலும் இருக்கும். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு, விழுந்துவிட்டது. அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் டியூப்லைட் வெளிச்சத்தில் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், வெயிலில் எவ்வளவு நேரம் போகிறேன், எதையும் கேட்கவில்லை. "பிக்மென்டேஷன்தான் மேடம், ஹெர்பல் கிரீம் தர்றேன், நைட்டு மட்டும் போடுங்க" என்று சின்ன வெள்ளை டப்பா ஒன்றை நீட்டினார். 1,200 ரூபாய். மேலே ஓர் எழுத்துகூட இல்லை. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளிலேயே முகம் பளபளவென்று ஆகிவிட்டது. இந்தக் கடைகள் ஓடுவதே அந்தப் பளபளப்பில்தான். என்னைப் பார்த்து நாத்தனாரும் போனார். அவருக்குக் கழுத்தும் நெற்றியோரமும் கருத்துத் தடித்திருக்கும். அவருக்கும் அதே டப்பா. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கன்னத்தில் வெளிறிய தேமல். அவனுக்கும் அதே டப்பா! ஏற்கெனவே வெளுத்த இடத்துக்கு வெளுக்க வைக்கிற கிரீம். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

பிறகு ஆரம்பித்தது. கன்னம் சிவந்தது. வெயிலில் இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசினமாதிரி எரிந்தது. பொடிப்பொடியாகப் பருக்கள், தாடையோரம் பூனைமுடி. கிரீமை நிறுத்தினால் முகமே வீங்கிச் சிவந்தது, மறுபடி போட்டால் அடங்கியது. திரும்பப் போய்க் கேட்டேன். "உள்ள இருக்குற அழுக்கு வெளிய வருது மேடம், பயப்படாதீங்க" என்றார்கள். கையோடு 18,000 ரூபாய்க்கு லேசர் பேக்கேஜ் ஒன்றையும் காட்டினார்கள். நல்லவேளை, கையில் பணம் இல்லை.

கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, கன்னத்தில் படர்ந்திருந்த மெல்லிய ரத்தக் கோடுகளைக் காட்டினார். ஸ்டீராய்டு கிரீமை நீண்ட நாள் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து இப்படித்தான் ஆகுமாம். மங்குக்கு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த மருந்தைத் தோல் மருத்துவர்களே சில வாரங்களுக்கு எழுதுவதுண்டு, ஆனால் அது கண்காணிப்பில் போட வேண்டியது. தோலில் பூசும் பல ஸ்டீராய்டு கிரீம்களை 2018-இல் மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீட்டு இல்லாமல் மருந்துக்கடையே விற்கக் கூடாது. அப்புறம் இந்த மாதிரிக் கடை மேஜையில் அதற்கு என்ன வேலை?

மங்கு வெயிலாலும் ஹார்மோனாலும் வருகிறது, கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையிலும் அதிகமாகும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்கூட அதைக் கருக்க வைக்கும். அதனால் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைப் போடச் சொன்னார். அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை, குறையும், வெயில் பட்டால் திரும்பும் என்றார். லேசரில் சிலருக்கு இன்னும் கருத்துவிடுமாம்.

நாத்தனாருக்கு அந்தத் தோல் மருத்துவர் கிரீமே தரவில்லை. ரத்தப் பரிசோதனைதான் எழுதினார். மடிப்புகளில் இப்படிக் கருத்துத் தடிப்பது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பார்த்தால் சர்க்கரை எல்லையில் நின்றது. பையனுடைய தேமலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் சோதித்தார். உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு தொழுநோயாக இருக்கலாம். இவனுக்கு அது இல்லை, வறட்சிதான். மாய்ஸ்சரைசர் போதும், தானாகச் சரியாகும் என்றார். ஹேர் டை ஒவ்வாமல் நெற்றி கருப்பதும் உண்டாம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே டப்பாவை விற்கிறார்கள்!

ஸ்டீராய்டு மட்டுமில்லை, பாதரசமும் கலக்கிறார்கள். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் பக்கம் சிறுநீரில் புரதம் ஒழுகி வந்த சிலரை விசாரித்தபோது, மருத்துவர்களின் சந்தேகம் அவர்கள் பூசிய வெளுப்புக் கிரீம்களில் போய் நின்றது. முகத்தில் பூசுவது சிறுநீரகம் வரை போகிறது.

அழகுசாதனப் பொருள் எதுவானாலும் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். கோட்டு போட்டவரெல்லாம் டாக்டர் இல்லை, எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். போன்ற தோல் மருத்துவப் படிப்பும் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் கேளுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறவர்கள் பயந்துபோய் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை அப்படியே தோல் மருத்துவரிடம் கொண்டு போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கவும் அந்த டப்பாதான் சாட்சி. நான் என்னுடையதைத் துண்டுச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.