ஓகேமல் நிரல் மொழி: முழு எண்ணில் புலி, தசமத்தில் கொஞ்சம் கவனம்

இரண்டு வருடமாக எடைமேடைக் கணக்கு நிரலை ஓகேமலில்தான் எழுதுகிறேன். முழு எண் என்றால் பறக்கும்: 64 பிட் கணினியில் ஒரு பிட்டை ‘இது எண்ணா, நினைவக முகவரியா’ என்ற அடையாளத்துக்கு ஒதுக்கி, மீதி 63 பிட்டில் எண்ணை நேராகவே வைத்துவிடும். ஃப்ளோட், அதாவது தசம எண்தான் சிக்கல். பல இடங்களில் 8 பைட் எண்ணுக்கு 8 பைட் தலைப்பும் சேர்த்துப் பெட்டி கட்டி ஹீப் என்ற நினைவகப் பகுதியில் போடுகிறது. என் ரெக்கார்டில் (பல விவரங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) லாரி எண்ணோடு எடையையும் கலந்து வைத்திருந்தேன். எடை மாறும்போதெல்லாம் புதுப் பெட்டி, அப்புறம் பழையதைக் குப்பையில் அள்ளும் வேலை வேறு! ஃப்ளோட்களை மட்டும் தனி ரெக்கார்டாகப் பிரித்தேன். எண்கள் பெட்டியில்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டன. ஃப்ளோட் அரேயும் (வரிசையாக அடுக்கிய எண்கள்) அப்படித்தான். கம்பைலர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.