'கெட்' என்ற ஒரு சொல்லை வைத்துப் பார்த்த அகராதி: காலின்ஸ் கோபில்ட்

புது ஆங்கில அகராதி எது கைக்கு வந்தாலும் நான் முதலில் திறப்பது 'கெட்' இருக்கும் பக்கத்தைத்தான். அரிதான, கடினமான சொல்லுக்கு எல்லா அகராதியும் ஒரு பொருள் கொடுத்துவிடும். தினமும் நூறு தடவை வாயில் வரும் சின்னச் சொல்லை எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அதைச் செய்தவர்களின் உழைப்பு தெரிந்துவிடும்.

பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் வேலை. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பிரதியில் 'அவள் கோபத்தைப் பெற்றாள்' என்று ஒரு வரி இருந்தது. மூலத்தில் 'ஷி காட் ஆங்ரி'. கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, 'கெட்'னா பெறு, அடைன்னுதானே போட்டிருக்கு?" என்று தன் அகராதியை நீட்டினாள். உண்மைதான், அதில் அந்த இரண்டு சொற்களும் அரைப்புள்ளியும்தான் இருந்தன. அதை நம்பி எழுதியவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் என் மேசையில் இருந்த கோபில்டை அவளிடம் கொடுத்து அனுப்பினேன்.

காலின்ஸ் பதிப்பகமும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த அகராதி இது. முதல் பதிப்பு 1987-இல் வந்தது. தலைமை ஆசிரியர் ஜான் சின்க்ளேர். பொருளை யோசித்து எழுதுவதற்கு முன்னால், மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் பெரிய அளவில் சேர்த்து, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தார்கள். இன்று பெரிய ஆங்கில அகராதிகள் செய்கிற வேலைதான். ஆனால் கற்பவர்களுக்கான அகராதியை முழுக்க அப்படிக் கட்டி எழுப்பிக் காட்டியது கோபில்ட்.

இன்னொரு புதுமை, பொருளை முழு வாக்கியமாகச் சொல்வது. 'கெட்' என்றால் 'ஆகுதல்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ஒருவர் 'கெட்ஸ் கோல்ட்' என்றால் அவருக்குக் குளிர ஆரம்பிக்கிறது என்கிற மாதிரி ஆளோடும் வினையோடும் சேர்த்துச் சொல்லும். என்னிடம் இருக்கும் பதிப்பில், விளக்கத்துக்குப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு குறுகிய பத்தியில், இந்தப் பொருளில் வரும்போது வினைக்குப் பின்னால் என்ன வரும் என்ற இலக்கணக் குறிப்பு இருக்கும். பெயர்ச்சொல்லா, பண்புச்சொல்லா, 'டு' போட்ட வினையா என்று பார்த்துவிடலாம்.

இந்தக் குறுகிய பத்திக்காகவே நான் இந்த அகராதியை யாருக்கும் சிபாரிசு செய்வேன். 'கெட்'டின் பொருள் அதற்குள்ளே இல்லை, அதற்கு வலப்பக்கத்தில் இருக்கிறது. 'கெட் எ லெட்டர்' என்றால் கடிதம் வருகிறது. 'கெட் ஓல்ட்' என்றால் வயதாகிறது. 'கெட் ஹோம்' என்றால் வீடு போய்ச் சேர்வது. இங்கே நடுவில் 'டு' வராது. 'ஐ காட் டு மீட் ஹிம்' என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. முன்னால் ஒரு 'ஹேவ்' சேர்ந்து 'ஐ'வ் காட் டு மீட் ஹிம்' ஆனால் சந்தித்தே ஆகவேண்டும். கிடைத்த பாக்கியம் கட்டாயமாக மாறிவிடுகிறது! பேச்சில் அந்த 'ஹேவ்' காதில் விழாமலே போய்விடுவதும் உண்டு, அதனால் வசனங்களை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

என்னிடம் இருக்கும் பதிப்பில் 'கெட்' மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கிறது: மாறுவதும் போய்ச் சேர்வதும் ஒன்று, வாங்குவதும் கிடைப்பதும் ஒன்று, தொடர்களும் கூட்டுவினைகளும் மூன்றாவது. நல்ல பிரிப்பு. தேடுகிற பொருள் எந்தப் பகுதியில் இருக்கும் என்று ஊகித்துவிட முடிகிறது.

எனக்குப் பெரிய பலன் கிடைத்தது 'கெட்'டுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லும் அதற்கடுத்து முடிந்துபோன வினையும் வரும் இடத்தில். 'ஹி காட் ஹிஸ் ஹேர் கட்' என்றால் இன்னொருவரிடம் முடி வெட்டிக்கொண்டான். 'ஹி காட் ஹிஸ் லெக் புரோக்கன்' என்றால் காலை உடைத்துக்கொண்டான். ஒன்று விரும்பிச் செய்தது, மற்றது வந்து சேர்ந்தது, வாக்கிய அமைப்போ ஒன்றேதான். இது என்ன விசித்திரம் என்று யோசித்தபோதுதான் தமிழ் வரிகளைத் திரும்பப் படித்தேன். வெட்டிக்கொண்டான், உடைத்துக்கொண்டான். நாமும் இரண்டுக்கும் ஒரே 'கொள்'ளைத்தானே போடுகிறோம்!

அப்புறம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 'கெட் மேரிட்' கல்யாணம் பண்ணிக்கொள். 'கெட் காட்' (இந்தக் 'காட்' 'கேட்ச்' என்பதிலிருந்து வருவது) மாட்டிக்கொள். 'கெட் யூஸ்ட் டு' பழகிக்கொள். 'கெட் டு நோ' தெரிந்துகொள். 'கெட் இட்' புரிந்துகொள். 'கொள்' என்பதன் பழைய பொருளும் வாங்கு, பெறு, எடு என்பதுதான். கொள்முதலில் இன்னும் அது இருக்கிறது. கையில் வாங்குவதில் தொடங்கிய சொல் தனக்கு நேர்வதையெல்லாம் சொல்ல வந்துவிட்டது, இரண்டு மொழியிலும். எல்லா இடத்திலும் இது பொருந்தாது. 'கெட் ஆங்ரி'க்குக் 'கோபம் வந்தது' என்பதே சரி, ஆங்கிலத்தில் எழுவாயாக நின்றவர் தமிழில் 'அவளுக்கு' என்று ஒதுங்கி நிற்பார். ஆனாலும் 'கெட்'டைப் பார்த்தவுடன் 'பெறு'வைத் தேடுவதற்கு முன் 'கொள்'ளை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இந்த அகராதியில் கிடைக்காதவற்றையும் சொல்ல வேண்டும். சொல் பிறந்த கதை என் பதிப்பில் கிடையாது. 'கெட்' ஸ்காண்டிநேவியாவில் ஒரு காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, 'ஃபர்கெட்' அதன் உறவுச் சொல் என்பதையெல்லாம் வேறு அகராதியில்தான் பார்க்க வேண்டும். விளக்கமும் முழுக்க ஆங்கிலத்தில்தான், ஆகவே ஆங்கிலத்தில் ஒரு சின்ன வாக்கியத்தைத் தடுமாறாமல் படிக்க முடிந்தவர்களுக்கே இது உதவும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு நல்ல ஆங்கிலம்–தமிழ் அகராதியே முதலில் வேண்டும். விளக்கம் வாக்கியமாக இருப்பதால் நீளமும் அதிகம். அவசரத்துக்கு ஒரு சொல் தேடுகிறவருக்குப் பொறுமை போய்விடும். 'கெட்'டின் 'காட்டன்' (gotten) என்ற வடிவம் அமெரிக்க வழக்கு என்று குறித்திருக்கிறார்கள், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் 'ஹேவ் காட்டன்' என்றால் கிடைத்திருக்கிறது, 'ஹேவ் காட்' என்றால் கையில் இருக்கிறது.

கடன் கொடுத்த என் பிரதி போன மாதம் திரும்பி வந்தது. 'கெட்' பக்கங்களின் ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து. 'கெட் அவே வித்' என்ற இடத்தில் 'தப்பித்துவிடு' என்று எழுதி அடித்து, கீழே 'தப்பு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பித்துக்கொள்' என்று எழுதியிருந்தாள். நான் அவளிடம் 'கொள்' பற்றி இன்னும் பேசவே இல்லை.