சென்ட்ரியோடு இரண்டு வருடம்: பிழை அலர்ட் வைத்ததில் எது உதவியது, எது படுத்தியது

பணம் செலுத்தும் பக்கம் மூன்று நாளாகச் சிலருக்கு மட்டும் 500 (சர்வர் பிழை) காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பயனர் கோபமாக எழுதிய மெயிலைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. லாக் ஃபைலைத் திறந்தால் எல்லாம் வரிக்கு வரி, நேரத்தோடு, டிரேஸ்பேக்கோடு (பிழை எந்தெந்த வரிகள் வழியாக வந்தது என்ற தடம்) பதிவாகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிழை வந்தால் தானாகச் செய்தி வரும் ஏற்பாடு இல்லாமல் இனி எதையும் லைவில் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தோம். நாங்கள் நான்கு பேர்; சர்வர் பக்கம் பைத்தானின் ஜாங்கோ, பிரவுசர் பக்கம் ஜாவாஸ்கிரிப்டின் ரியாக்ட். நிரலில் எழும் பிழைகளைச் சேகரித்துச் செய்தி அனுப்பும் சென்ட்ரி என்ற சேவையை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறோம், அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நேராக சென்ட்ரிக்குப் போகவில்லை. ஜாங்கோவிலேயே வசதி இருக்கிறது: டீபக் என்ற சோதனை நிலையை அணைத்துவிட்டு அட்மின்ஸ் செட்டிங்கில் மெயில் முகவரிகளைப் போட்டால், பிடிபடாத ஒவ்வொரு பிழைக்கும் முழு டிரேஸ்பேக்கோடு மெயில் வந்துவிடும். ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு நாள் டேட்டாபேஸ் இணைப்பு இருபது நிமிடம் அறுந்துபோக, வந்த ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு மெயில் என்று ஆயிரக்கணக்கில் குவிந்தது. அதோடு முடியவில்லை. பயனர்களுக்குப் பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க் போகிற அதே மெயில் சேவை வழியாகத்தான் இவையும் போய்க்கொண்டிருந்தன. திடீர் வெள்ளத்தைப் பார்த்த அந்தச் சேவை எங்கள் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டது. டேட்டாபேஸ் திரும்பி வந்த பிறகும் பயனர்களுக்கு மெயில் போகவில்லை. பயனர்கள் ஐம்பது பேர் இருக்கும்வரை ஜாங்கோவின் மெயிலே போதும் என்றுதான் இப்போதும் சொல்வேன், ஆனால் பிழைச் செய்தி போகும் வழியும் பயனர் மெயில் போகும் வழியும் ஒன்றாக இருக்கவே கூடாது.

சென்ட்ரியும் ஜாங்கோ உலகத்திலிருந்து வந்ததுதான், 2008இல் பிழைகளை டேட்டாபேஸில் பதிந்துவைக்கும் ஒரு சின்ன நிரலாகத் தொடங்கியது. பைத்தானில் அதைப் பொருத்துவது மிகச் சுலபம். எஸ்டிகேயை (நம் கோடுக்குள் ஓடும் சென்ட்ரியின் நிரல் தொகுப்பு) நிறுவி, பிழைகள் எங்கே போக வேண்டும் என்று சொல்ல புராஜெக்டுக்குக் கொடுக்கிற டிஎஸ்என் முகவரியை வைத்து இனிட் என்ற தொடக்க ஃபங்ஷனை ஒரு முறை அழைத்தால் வேலை முடிந்தது, பத்து நிமிடம். ஜாங்கோ, செலரி (பின்னணி வேலைகளை ஓட்டுவது), ரெடிஸ் (வேகமான தகவல் சேமிப்பு) எல்லாம் நிறுவப்பட்டிருந்தால் அதுவே கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும். மாதிரிக் கோடை அப்படியே ஒட்டும்போது ட்ரேஸஸ் சாம்பிள் ரேட் 1.0 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி விட்டால் எல்லா ரிக்வெஸ்ட்டின் வேகக் கணக்கும் போகும், லைவ் சர்வருக்கு அவ்வளவு தேவையில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே பிழையை ஒரே இடத்தில் தொகுத்து வைப்பது. அன்றைக்கு ஆயிரக்கணக்கில் வந்த மெயில் இங்கே ஒரே ஒரு இஷ்யூ. இத்தனை தடவை நடந்தது, இத்தனை பயனர்களைப் பாதித்தது, முதலில் எப்போது, கடைசியாக எப்போது என்று பக்கத்திலேயே இருக்கும். அதைத் திறந்தால் டிரேஸ்பேக்கின் ஒவ்வொரு படியிலும் அந்த நேரத்தில் லோக்கல் வேரியபிள்களில் என்ன மதிப்பு இருந்தது என்பதும் தெரியும். முன்பு இதே தகவலுக்காக பிரிண்ட் போட்டு, மறுபடி டிப்ளாய் செய்து (லைவ் சர்வரில் ஏற்றி), பிழை திரும்ப வருமா என்று காத்திருப்போம். கூடவே பிரெட்கிரம்ப்ஸ் என்று பிழைக்குச் சற்று முன் என்னென்ன டேட்டாபேஸ் குவெரி ஓடியது, வெளியே எந்த ஏபிஐயை (பிற சேவையோடு பேசும் வழி) அழைத்தது என்ற வரிசையும் வரும். பாதி நேரம் காரணம் அந்த வரிசையிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆனால் தொகுப்பது எல்லா நேரமும் சரியாக இருக்காது. சென்ட்ரி முதலில் ஸ்டாக் டிரேஸை, அதாவது டிரேஸ்பேக்கைப் பார்க்கிறது, அது இல்லாதபோது பிழையின் வாசகத்தைப் பார்க்கிறது. பிழையைப் பதியும் லாகர் எர்ரருக்குள் எஃப்-ஸ்ட்ரிங் போட்டு பொருளின் பெயரை வாசகத்திலேயே ஒட்டி எழுதினால், ஒவ்வொரு பெயரும் ஒரு புது இஷ்யூவாகப் பிரிந்து நிற்கும். ஒரே கோளாறுக்கு நாற்பது அலர்ட் வரும். பெயரை லாகருக்குத் தனி ஆர்குமென்டாகக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சேரும். இதற்கு நேர் எதிரான தொல்லைதான் இன்னும் ஆபத்தானது. வெளி ஏபிஐகளை எல்லாம் நாங்கள் ஒரே உதவி ஃபங்ஷன் வழியாக அழைத்துக்கொண்டிருந்தோம். எது தோற்றாலும் பிழை அந்த ஒரே வரியில்தான் எழும், எனவே எல்லாம் ஒரே இஷ்யூவில் போய் விழுந்தன. அதில் எப்போதாவது வரும் டைம்அவுட்கள் ஏற்கெனவே இருந்ததால், அந்த இஷ்யூ எங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் வேறொரு ஏபிஐயின் சாவி காலாவதியாகி எல்லா அழைப்பும் தோற்றபோது புது இஷ்யூ என்று எந்தச் செய்தியும் வரவில்லை, ஏனென்றால் சென்ட்ரியின் கணக்கில் அது பழைய பிழை. அதன் பிறகு, எவை ஒரே பிழை என்று சென்ட்ரிக்குச் சொல்லும் ஃபிங்கர்பிரின்ட்டில் எந்த ஏபிஐ, என்ன ஸ்டேட்டஸ் கோட் (பதிலின் நிலை எண்) என்ற இரண்டையும் சேர்த்தோம். இதே மாதிரி பொது ஃபங்ஷன் வைத்திருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

சரி, அலர்ட் விஷயத்துக்கு வருகிறேன். நிறுவிய முதல் வாரம் எல்லாப் பிழையையும் சாட் சேனலுக்கு அனுப்பினோம். இரண்டாம் வாரத்தில் நான்கு பேருமே அந்தச் சேனலை மியூட் செய்துவிட்டோம், அதாவது மறுபடியும் லாக் ஃபைல் நிலைமைக்கே வந்துவிட்டோம். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு செய்திக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது வந்தால் யாராவது கையில் இருக்கும் வேலையை விட்டு எழுந்திருப்பார்களா? மூன்று விதிகள்தான் மிஞ்சின. லைவ் சர்வரில் முதல் முறையாக ஒரு பிழை தோன்றினால் சேனலுக்கு. சரிசெய்து முடித்ததாகக் குறித்த பிழை திரும்ப வந்தால், அதுவும் சேனலுக்கு. ஒரே பிழை பத்து நிமிடத்தில் ஐம்பது பயனர்களுக்கு மேல் பாதித்தால் மட்டும் அந்த வாரம் பொறுப்பில் இருப்பவரின் போனுக்கு. எத்தனை தடவை நடந்தது என்பதைவிட எத்தனை பேருக்கு நடந்தது என்று பார்ப்பது முக்கியம், ஏனென்றால் ஒரே ஒருவரின் பிரவுசர் ரீட்ரை செய்துகொண்டே இருந்தால்கூட ஆயிரம் எண்ணிக்கை வந்துவிடும்.

விதிகளோடு குப்பையையும் கழிக்க வேண்டும். ரீசைஸ்அப்சர்வர் லூப் என்று பிரவுசர் சொல்லும் புகாரால் பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் இல்லை. பாட்கள் (தானியங்கி நிரல்கள்) பொய்யான ஹோஸ்ட் பெயரோடு வந்து தட்டுவதால் ஜாங்கோ எழுப்பும் டிஸ்அலௌடுஹோஸ்ட்டை நம்மால் சரிசெய்ய முடியாது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களின் பிழைகளைத் தள்ளிவிட சென்ட்ரியிலேயே ஃபில்டர் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பொறுமை வேண்டும். சுருக்கப்பட்ட கோடில் பிழை வந்தால், முதல் வரியில் எண்பதாயிரத்துச் சொச்சமாவது எழுத்தில் "ஏ என்பது ஃபங்ஷன் அல்ல" என்றுதான் காட்டும். சுருக்கிய கோடை மூலக் கோடோடு பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப்பை பில்ட் நேரத்திலேயே சென்ட்ரிக்கு அப்லோட் செய்தால்தான் நாம் எழுதிய ஃபைலும் வரியும் தெரியும். அப்லோட் ஆனதும் அந்த மேப்பைப் பொது சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆட் பிளாக்கர் வைத்திருப்பவர்களிடமிருந்து பிழைகள் வந்து சேராமலே போகலாம்; அதற்கு டனல் என்ற வசதி உண்டு, நம் டொமைன் வழியாகவே செய்தியை அனுப்பும்.

எனக்கு உண்மையாகவே கவலை தந்தது பயனர் விவரம். எஸ்டிகே இயல்பாக ஐபி முகவரி போன்றவற்றை அனுப்புவதில்லை, பாஸ்வேர்ட் என்ற பெயரில் வரும் மதிப்புகளை மறைத்துவிடுகிறது. ஆனால் நான் புகழ்ந்த அதே லோக்கல் வேரியபிள் வசதியால், டேட்டா என்று பொதுவாகப் பெயர் வைத்த ஒரு வேரியபிளில் ஒருவரின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். பெயரை வைத்து மறைக்கும் முறைக்கு அது முகவரி என்று எப்படித் தெரியும்? அன்றே பிஃபோர் சென்ட் ஃபங்ஷன் எழுதி, அந்த மாதிரி மதிப்புகளைக் கிளம்பும் முன்பே அழிக்கிறோம். பயனர்கள் நம்மை நம்பித் தந்த விவரம் அது, பிழைத்திருத்தம் என்ற பெயரில் வேறொரு சர்வரில் போய் உட்காரக் கூடாது.

வெளியே அனுப்பவே வேண்டாம் என்றால் சென்ட்ரியைச் சொந்த சர்வரில் நிறுவலாம், ஆனால் காஃப்கா, கிளிக்ஹவுஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்று பல துணை மென்பொருள்களும் கூடவே வரும். சின்ன டீமுக்கு அதைப் பராமரிப்பதே ஒரு தனி வேலை. அந்த நிலையில் கிளிட்ச்டிப் என்ற மாற்று மென்பொருளைப் பாருங்கள். ஓப்பன் சோர்ஸ், சென்ட்ரியின் எஸ்டிகேயையே ஏற்றுக்கொள்ளும், டிஎஸ்என்னை மாற்றினால் போதும். வசதிகள் குறைவு, தேவையானது இருக்கிறது. சென்ட்ரியின் கிளவுடிலேயே இலவசத் திட்டம் உண்டு, ஒருவர் மட்டும் பயன்படுத்தலாம். உங்கள் திட்டத்தில் வசதி இருந்தால் டிஎஸ்என்னுக்கு ஒரு ரேட் லிமிட் (எவ்வளவு பிழை வரை ஏற்பது என்ற வரம்பு) போடுங்கள், லூப்பில் மாட்டிய ஒரே பிழை மாத ஒதுக்கீடு முழுவதையும் தின்றுவிட்டால் அப்புறம் வருவது எதுவும் பதிவாகாது.

சர்வரே விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் எஸ்டிகேயால் எதையும் சொல்ல முடியாது, எனவே வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் அப்டைம் சோதனை தனியாக வேண்டும். இரவில் குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கிரான் வேலை ஓடாமலே போனாலும் பிழை எழாது; அதற்கு, குறித்த நேரத்துக்குள் "முடிந்தது" என்ற செய்தி வராவிட்டால் எச்சரிக்கும் கிரான் மானிட்டரைப் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இரண்டு மாதம் எங்கள் செலரி பக்கமிருந்து ஒரு பிழைகூட வரவில்லை, நாங்களும் சந்தோஷமாக இருந்தோம். பார்த்தால் இனிட் அழைப்பை வெப் சர்வர் மட்டும் படிக்கும் டபிள்யூஎஸ்ஜிஐ ஃபைலில் வைத்திருந்தோம். செலரி வொர்க்கர் அந்த ஃபைலைத் தொடுவதே இல்லை. செட்டிங்ஸுக்கு மாற்றிய அரை மணியில் பதினொரு இஷ்யூ வந்து நின்றது, அதில் ஒன்று பில் பிடிஎஃப் சிலருக்குப் போகாமலே இருந்தது. இப்போது ஒவ்வொரு பெரிய டிப்ளாய்க்குப் பிறகும் வெப், செலரி, கிரான் மூன்றிலும் ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் ஒரு பிழையை வேண்டுமென்றே எழுப்புகிறோம். மூன்று செய்தியும் சேனலில் வந்து விழுந்த பிறகுதான் டிப்ளாய் முடிந்தது என்று எழுதுகிறோம்.