போரானா, லித்தியமா: டோகமாக் சுவருக்கு எந்தப் பூச்சு?

டோகமாக் என்பது மிகச் சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் அணுப்பிணைவுக் கலன். அதன் சுவர் அழுக்காக இருந்தால், பிளாஸ்மாவின் வடிவத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கட்டுப்படுத்தியும் பலனில்லை. சுவரிலிருந்து கிளம்பும் ஆக்சிஜன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே தள்ளிவிடும். கலனைச் சூடேற்றுவதும் ஹீலியம் குளோ டிஸ்சார்ஜ் (சுவரைச் சுத்தப்படுத்தும் மெல்லிய மின்னிறக்கம்) ஓட்டுவதும் எல்லா இடத்திலும் நடப்பவைதான். அதற்கு மேல் எதைப் பூசுவது என்பதில்தான் கருத்து பிரியும். எங்கள் குழு போரான் பக்கம் போனது, இன்றும் நான் அந்தக் கட்சிதான்.

பிளாஸ்மாவை மட்டும் பார்த்தால் லித்தியம் பிரமாதம். சுவரில் மோதும் ஹைட்ரஜனை விழுங்கிவிடும். குளிர்ந்த வாயு விளிம்புக்குத் திரும்புவது குறையும். அமெரிக்காவின் என்எஸ்டிஎக்ஸ் டோகமாக்கில் லித்தியம் பூசியபின் 'எல்ம்' எனப்படும் விளிம்பு வெடிப்புகளே அடங்கிப்போயின.

சரி, பராமரிப்புக்கு வருவோம். நல்ல வெற்றிடத்திலும் மிச்சமிருக்கும் நீராவி புது லித்தியத்தைச் சீக்கிரம் மந்தமாக்கிவிடும். அதனால்தான் என்எஸ்டிஎக்ஸில் ஒரு ஷாட்டுக்கும் (பிளாஸ்மாவை ஒருமுறை ஓட்டுவது) அடுத்த ஷாட்டுக்கும் நடுவே ஆவியாக்கிப் பூசினார்கள். கலனைத் திறந்தால் இன்னொரு தலைவலி: ஈரக்காற்று பட்டதும் அது லித்தியம் ஹைட்ராக்சைடாக மாறும், தோலை அரிக்கும். ஜன்னல், கண்ணாடி, சென்சார் முனை என்று ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். போரான் படலம் சுமார் 100 நானோமீட்டர்தான், ஆனாலும் ஒருமுறை பூசினால் பல நாள் ஷாட்டுகளுக்குத் தாங்கும். டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) எரிக்கும் உலையில் அது சுவரில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதால் கணக்கு இன்னும் கடுமை. நிரம்பிய லித்தியம் அணுவுக்கு அணு ஹைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போரானும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் படலம் மெல்லியது.

போரானும் சும்மா வராது. வழக்கமாகப் பயன்படும் டைபோரேன் நச்சு வாயு, காற்று பட்டால் தீப்பற்றும். கசிவு உணரிகளும் வெளியேறும் வாயுவைச் சிதைக்கும் அமைப்பும் இல்லாமல் சிலிண்டரைத் திறக்கவே கூடாது. இந்த வாயுவைச் சிதைத்துப் பூசுவதும் குளோ டிஸ்சார்ஜால்தான்; டொராய்டல் (வளையத்தைச் சுற்றி ஓடும்) காந்தப்புலம் இருக்கும்போது அது ஓடாது என்பதால் மீக்கடத்திக் காந்தச் சுருள்களின் மின்னோட்டத்தை இறக்கிவிட்டுத்தான் பூச முடியும். டைவர்ட்டரில் (வெளியேறும் வெப்பமும் கழிவும் போய்ச் சேரும் பகுதி) பிளாஸ்மா தொடும் கோட்டில் படலம் முதலில் தேயும். வடிவத்தை மாற்றினால் அந்தக் கோடும் நகரும். ஆகவே பூச்சுக்குப் பிந்தைய முதல் ஷாட்டுகளின் வடிவத்தை சுவர்க்காரர்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பிரான்ஸில் கட்டப்படும் ஐடர் சோதனை உலைக்கு 2024-ல் வெளியான திட்டமும் பெரிலியத்தைக் கைவிட்டு டங்ஸ்டன் சுவருக்குப் போனபோது போரான் பூச்சையே சேர்த்துக்கொண்டது. ஓடும் திரவ லித்தியச் சுவர் வேறு விஷயம், அதில் நான் வேலை செய்ததில்லை. இங்கே சொன்னதெல்லாம் மெல்லிய பூச்சுக்கு மட்டும்.